பாரை விடுங்கள், கேரியரைக் கழற்றுங்கள்

கேள்வி: மலைப்பாதையில் ஒழுங்காக ஓடும் என் பெரிய எஸ்.யூ.வி., ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்றில் அலைகிறதே. தடிமனான ஸ்டெபிலைசர் பார் மாட்டலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: முதலில் கூரை கேரியரைக் கழற்றுங்கள். கூடலூர் வளைவுகளில் 30 கி.மீ. வேகத்தில் ஊர்கிறவரைக் காற்று சீண்டுவதில்லை. ஆரல்வாய்மொழி அப்படியல்ல, தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே காற்று பீறிட்டு வருவதால்தான் முப்பந்தலில் காற்றாலைக் காடே நிற்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. உயரமான வண்டியின் பக்கமும் கூரைமேல் மூட்டையும் அந்த விசைக்குப் பாய்மரம். தடித்த பார் வண்டி சாய்வதைக் குறைக்கும். தடம் விலகுவதை அவ்வளவாகத் தடுக்காது. அதைவிடப் பெரிய சங்கதி டயர். எஸ்டேட் சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தவர் அப்படியே சமவெளிக்கு இறங்கினால், டயரின் பக்கச்சுவர் நெளியும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி தாமதமாகத்தான் கேட்கும். “இரண்டு டன் வண்டியைக் காற்று என்ன செய்யும்?” என்பீர்கள். எடை உதவும்தான், அது தரையோரம் இருந்தால். லாரியைத் தாண்டியதும் மறைவு விலகி, காற்று ஒரே அறையாக அறையும். அந்த நொடிக்காகவே வேகத்தைக் குறைத்து, இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வையுங்கள். கிளம்புமுன், டயர் சூடேறாதபோது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள்.