நடக்கதுக்குத் துட்டுக் கட்டுன பேராண்டிக்கு

வாடே பேராண்டி. கட்டில்ல உக்காராத, கயிறு தளந்து கெடக்கு. இங்கன திண்ணையில உக்காரு. நாலாயிரத்துச் சொச்சம் ரூவா கட்டியிருக்கேன்னு உங்கம்மை சொன்னா. எதுக்கு தாயி, செல்லு வாங்கவா, வண்டிக்கு அட்வான்ஸான்னு கேட்டேன். நடக்கதுக்குன்னா. எனக்குக் காப்பி புரையேறிட்டு. சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தேரி மணல்ல தினமும் நாலு மைல் சும்மாவே நடந்தேனே, அந்தக் கணக்குல இம்புட்டு வருசமா எவ்வளவு துட்டு மிச்சம் பிடிச்சிருக்கேன்னு ராத்திரி முழுக்க விரல் விட்டு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்.

சரி, கட்டினது கட்டியாச்சு. போகலைன்னா பாதித் துட்டுதான் திரும்புமாமே. அப்போ நடந்துதான் தீரணும். ஆனா போறதுக்கு முன்னால, போயிட்டு வந்தவன் சொல்லுததைக் கேட்டுக்கோ. என்ன முழிக்க? உங்க பெரியம்மை மவன் ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம், என்னைய நீ துட்டுக் கட்டியிருக்க இதே கும்டா-கோகர்ணம் கூட்டுநடைக்குத்தான் கூட்டிட்டுப் போனான்.

அதுவும் ஒரு கூத்து. "தாத்தா, கோகர்ணம் வாரீயளா?"ன்னு கேட்டான். நான் புதுக்கோட்டையில இருக்க திருக்கோகர்ணம்னு நினைச்சுத் தலையாட்டிட்டேன். பிரகதாம்பாளைக் கும்பிட்டு நாலு வருசம் ஆச்சேன்னு சந்தோசம் வேற. திருநெல்வேலியில ரயில் ஏறுனோம். புதுக்கோட்டைக்குப் பெங்களூரு வழியா எதுக்குப் போறோம்னு ஒரு நிமிசம் தோணிச்சு. பேரன் கம்ப்யூட்டர் படிச்சவன், வழி தெரியாமலா இருப்பான்னு விட்டுட்டேன். பெங்களூருல பஸ்ஸு மாறி, விடிய விடிய ஓடி, கண்ணைத் தொறந்தா மரத்துல பலாவும் போர்டுல கன்னடமும் தொங்குது. வட கன்னட மாவட்டமாம். புதுக்கோட்டை டவுனுக்கு இல்லாத கடல் ஒண்ணு அங்கன கெடந்து இரையுது.

எறங்குன உடனே நடக்க வந்த முப்பது பேரையும் வட்டமா நிக்கச் சொன்னாவ. ஒவ்வொருத்தரும் பேரு, ஊரு, வேலை, பிடிச்ச சினிமா சொல்லணுமாம். பொண்ணு பாக்கப் போன இடத்துல கூட என்கிட்ட இம்புட்டுக் கேக்கலை. நான் எந்திரிச்சு, "பேரு இன்னது, வேலை பனையேத்தம், இப்போ முழங்கால் வலி, பிடிச்ச சினிமா பாதியில தூங்காத சினிமா எதுவும்"னேன். கைதட்டுனாவ. அந்த வட்டத்தை நீ லேசா நினைக்காத. அதுல கண்ணை முழிச்சுப் பாத்தா மறுநாள் நடக்கப் போறது பூராத் தெரியும். எவன் அதிகமாப் பேசுதானோ அவன்தான் முதல்ல தண்ணி கேப்பான். எவன் மலை மலையா ஏறுனதாச் சொல்லுதானோ அவன் காலு புது ஷூவுக்குள்ள இருக்கும்.

அப்புறம் ஒரு காகிதம் நீட்டுவாவ. காலு உடைஞ்சாலும் கை உடைஞ்சாலும் கம்பெனி பொறுப்பில்லைன்னு இங்கிலீசுல எழுதியிருக்கும். கையெழுத்துப் போடு, வேற வழியில்ல. ஆனா போட்டுட்டு, "அண்ணே, காலு உடைஞ்சா தூக்கிட்டுப் போறதுக்கு எந்த இடத்துல ரோடு இருக்கு?"ன்னு சிரிச்சிக்கிட்டே ஒரு கேள்வியைப் போடு. பதில் சொல்லத் தெரிஞ்சவன்னா நம்பி நட. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ப்ரோ"ன்னா அவன் பின்னாடி நடக்காத, பக்கத்துல நடக்க அந்த ஊர்க்காரப் பயல் பின்னாடி நட.

ஏன்னா ரெண்டு பேரு வருவாவ. ஒருத்தர் டிரெக் லீடர். பெங்களூருல இருந்தே கூட வாறவர். கூலிங் கிளாஸ், கழுத்துல விசில். இன்னொருத்தன் அங்கன உள்ளவன். லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, காலுல ரப்பர் செருப்பு, வாயில வெத்தல. சம்பளம் யாருக்குக் கூடன்னு நான் சொல்ல மாட்டேன். பாதை யாருக்குத் தெரியும்னும் சொல்ல மாட்டேன். நம்ம திருச்செந்தூர் பாதயாத்திரையில பச்சை வேட்டி கட்டிட்டு முன்னால குருசாமி போவாருல்லா, ஆனா எந்த ஊருல மோரு கொடுப்பாவ, எந்தத் திருப்பத்துல லாரி வேகமா வரும்னு சப்பர வண்டி தள்ளுதவனுக்குத்தானே தெரியும். அதே கதைதான்.

கடைசியா ஒருத்தர் வாரதுக்கு ஸ்வீப்பர்னு பேரு. கூட்டிப் பெருக்கத்தான் வாரார்னு நினைச்சு நான் பீடித் துண்டைக் கூட அவருக்காகக் கீழ போட்டேன். அவரு அதை எடுத்துத் தன் பையில போட்டுட்டு என்னையப் பாத்தாரு பாரு, அன்னையோட பீடிய விட்டுட்டேன். அதாவது, கோகர்ணம் முடியற வரைக்கும். அவரு வேலை என்னன்னா, எவன் ரொம்ப மெள்ள நடக்கானோ அவனுக்கும் பின்னால நடக்கது. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அவருக்கு முன்னால போன ஆளு நான்தான். நீ சிரி, சிரி.

பாதையைச் சொல்லுதேன். கும்டாவுல ஆரம்பிச்சு வடக்காம கரையோரமாவே கோகர்ணம் வரைக்கும், இருபது கிலோமீட்டருக்கு மேல. கொஞ்ச தூரம் மணல், அப்புறம் ஒரு குன்று, எறங்குனா ஒரு சின்னக் கடற்கரை, திரும்பவும் குன்று. குன்று பூரா செம்புராங்கல்லு, ஓட்டை ஓட்டையா. மேல ஏறி நின்னா நிழல்னு பேருக்கு ஒரு மரம் கெடையாது. காலையில பத்து மணிக்கெல்லாம் அந்தக் கல்லு தோசைக்கல்லு ஆயிரும். ரெண்டு லிட்டர் தண்ணி பத்தாது, மூணா எடு. விடியக்காலையில கெளம்பலாம்னு லீடர் சொன்னா, "இன்னும் அஞ்சு நிமிசம்"னு டென்ட்டுக்குள்ள இருந்து கத்தாத. அந்த அஞ்சு நிமிசத்தைச் சூரியன் வட்டியோட வசூல் பண்ணிரும். கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும்தான் போவலாம். மழைக்காலத்துல அந்தக் கடல் வேற கடல்.

மணல்ல நடக்கும்போது காய்ஞ்ச மணல்ல உழட்டாத. அலை வந்து நனைச்சிட்டுப் போன இடம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கெடக்கும், அதுல நட. தேரிக்காட்டுக்காரன் நான் இதைச் சொன்னப்ப, அந்த லீடரு, "அங்கிள், உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு. நான் யூட்யூபுல பாத்தேன்னேன்.

வழியில ஒரு கடற்கரைக்கு நிர்வாணா பீச்சுன்னு பேரு. லீடரு அதைச் சொன்ன உடனே நான் வேட்டியை ஒரு சுத்துக் கூடச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டேன். அப்புறம்தான் அது முக்தியாம், நிர்வாணம் இல்லையாம். தென்னந்தோப்பும் மீன்வலையும்தான் இருந்துது. முன்னேற்பாடா இருக்கதுல தப்பில்ல, கேட்டியா.

கடல்ல குளிக்கத் துடிப்பிய, தெரியும். பெங்களூரு பக்கெட்டுல குளிச்சவனுக்கு அலையைக் கண்டா கிறுக்குப் பிடிக்கும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போறதுக்கு ஒரு வாசல் வச்சிருக்கும். ரெண்டு பக்கமும் அலை நுரைச்சி உடையும், நடுவுல மட்டும் உடையாம அமைதியாக் கெடக்கும். நீச்சல் தெரியாதவன் அதைத்தான் நல்ல இடம்னு எறங்குவான். அமைதியா இருக்க கடன்காரனை நம்பு, அமைதியா இருக்க அந்தத் தண்ணியை நம்பாத. இழுத்துட்டுன்னா கரையைப் பாத்து எதிர்நீச்சல் போட்டு மூச்சைத் தொலைக்காத. கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி அந்த நீவாட்டு இழுப்புல இருந்து முதல்ல வெளிய வா. காவலுக்கு ஆள் இருக்க கடற்கரையில விசில் அடிச்சா, உனக்கில்லைன்னு திரும்பி நிக்காத. உனக்குத்தான்.

இன்னொண்ணு. நம்ம தூத்துக்குடிப் பக்கம் கடல் ஏத்தமும் வத்தமும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் பெருசு. அங்கன அமாவாசை, பௌர்ணமிக்கு நெஞ்சு உயரத்துக்கு ஏறி எறங்கும். வத்தத்துல பாறையைச் சுத்திப் போற வழி ஏத்தத்துல இருக்காது. தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல நேரமும் தள்ளிக்கிட்டே போவும். லுங்கிக்காரப் பயல் "நில்லு"ன்னா நில்லு. படம் எடுக்கதுக்குப் பாறை நுனிக்குப் போறவன் பின்னால போவாத.

அடுத்தாப்புல வாரது அகநாசினி ஆறு. எனக்கு அந்த நடையில பிடிச்சது அதுதான். கடலை விட. சிர்சிப் பக்கத்து மலையில எறங்கி, பெரிய அணை எதுக்கும் மாட்டாம அதுபாட்டுக்கு வந்து கடல்ல விழுது. தாமிரபரணியை எத்தனை இடத்துல மறிச்சு நிறுத்தியிருக்கோம், நினைச்சுப் பாரு. நான் அந்தக் கரையில வாயைத் தொறந்து பாத்துட்டு நின்னேன். வத்த நேரத்துல ஆம்பளை பொம்பளை எல்லாம் இடுப்பளவுத் தண்ணியில எறங்கி மட்டி பொறுக்குதாவ. அந்த முகத்துவாரத்துக்கு 2024 சனவரியில ராம்சார்னு உலக அளவுல ஈரநிலப் பட்டம் கெடைச்சிருக்கு. பட்டம் கெடைச்சது மட்டிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வெந்து சட்டியில கெடந்துது.

உப்புத் தண்ணி ஏறுற வயல்ல ஒரு நெல்லு வெளையுதுடே. விதைச்சா உப்பைக் குடிச்சிட்டு நெடுநெடுன்னு நிக்குமாம். உரம் போடுததும் இல்ல. பேரு என்னன்னு கேட்டேன். "கக்கா"ன்னான். பக்கத்துல நின்ன நம்மூர்ப் பொண்ணு ஒண்ணு சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணியில விழப் பாத்துது. கன்னடத்துல அது வேற மாதிரி அழுத்திச் சொல்லணும் போல. பேரு எப்படின்னாலும் வெதநெல்லு ஒரு படி கேட்டுப் பாத்தேன், குடுக்கலை. கோகர்ணத்துக்குப் பக்கத்துல சாணிக்கட்டான்னு உப்பளம் வேற இருக்கு. உப்பு நம்மூரு மாதிரி வெள்ளை வெளேர்னு இல்ல, மண்ணு நிறம். அதுக்கும் வடக்க அங்கோலா. 1930ல காந்தி சொன்னாருன்னு உப்புக் காய்ச்சி அடி வாங்குன ஊரு. அதே வருசம் ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு ஆளுகளைக் கூட்டிட்டு நடந்தாருல்லா, அதுவும் கடற்கரைக்குப் போன கூட்டுநடைதான். நடந்து முடிச்சவியளுக்குக் கம்பெனி மெடல் குடுக்கலை, கவருமெண்டு ஜெயில் குடுத்துது.

ஆத்தைத் தாண்ட படகு. அக்கரை ததடி, மீன்பிடித் துறைமுகம். முகத்தைச் சுளிக்காத, மீன் வாசனைதான். முப்பது பேருல இருபது பேரு மூக்கைப் பொத்துனாவ. ராத்திரி அதே இருபது பேரும் வறுத்த மீனு ரெண்டு தட்டு.

ததடிக்கு அங்கிட்டுப் பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லேன்னு வரிசையா. முதல் ரெண்டுக்கும் ரோடு கெடையாது, நடை இல்லைன்னா படகு. ஓம் பீச்சை மேல நின்னு பாக்கணும். நம்ம தமிழ் ஓம் இல்ல, வடமொழி ஓம். நான் தமிழ் எழுத்தைத் தேடித் தேடிக் கழுத்து வலிச்சிட்டு.

அங்கன எறங்கும்போதுதான் எனக்கு வெனை வந்துது. ஷூ போட்டவனை எல்லாம் கேலி பண்ணிட்டு நான் டயர் செருப்போட வந்தேன்லா? பச்சைப் பாசி பிடிச்ச பாறையில கால வச்சேன். பனையில நாப்பது வருசம் ஏறி எறங்குன காலு, தரையில நழுவிட்டு. லுங்கிக்காரப் பயல் எங்க இருந்து வந்தான்னு தெரியலை, இடுப்பு வேட்டியைக் கொத்தாப் பிடிச்சிட்டான். அன்னைக்கு இறுக்கிக் கட்டுனது நல்லதாப் போச்சு. ஆக, அடியில பல்லு உள்ள ஷூவா வாங்கு. வாங்கி ஒரு மாசம் வீட்டைச் சுத்தி நட, புதுசோட போய்க் கொப்புளத்தோட வராத. என் செருப்பைப் பத்தி யாரு கேட்டாலும் நீ ஒண்ணும் கேள்விப்படலை.

கோயிலுக்குக் கட்டாயம் போ. மகாபலேசுவரர். சம்பந்தரும் அப்பரும் பாடுன தலம்டே. துளு நாட்டுல பாடல் பெத்தது அது ஒண்ணுதான். கூட வந்த தமிழ்ப் பிள்ளைகள் எட்டுப் பேருல ஒருத்தருக்கும் தெரியலை. பீச்சு நாலு பேரும் மனப்பாடம். ராவணன் ஆத்மலிங்கத்தைக் கையில வச்சிட்டு, சந்தி பண்ண நேரமாச்சுன்னு வழியில நின்ன மாட்டுக்காரப் பயல்கிட்டக் குடுத்தான் பாரு, பிள்ளையார்னு தெரியாம. அவரு மூணு தடவை கூப்பிட்டுட்டுக் கீழ வச்சிட்டாரு, இன்னைக்கு வரைக்கும் எடுக்க முடியலை. அந்த ஊருல போயி, "ப்ரோ, என் பையைக் கொஞ்சம் பிடிங்க"ன்னு யாருகிட்டயும் குடுக்காத. உள்ள போகணும்னா ஆம்பளைக சட்டையைக் கழத்தி வேட்டி கட்டணும். அம்புட்டுப் பேரும் அரை டவுசரோட வாசல்ல நிக்காவ, நான் மட்டும் ராசா மாதிரி உள்ள போனேன். ஒரு பையன் என் மாத்து வேட்டியை அஞ்சு நிமிசம் வாடகைக்குக் கேட்டான். துட்டு வாங்கலை. திரும்பிப் போற பஸ்ஸுல ஜன்னல் சீட்டு வாங்குனேன்.

பையில என்ன வைக்கணும்னா, கருப்பட்டியும் பொரிகடலையும் ஓலைக்கொட்டான்ல வை. அந்தப் பளபளப்புத் தாள் மிட்டாய் எல்லாம் வேண்டாம். தின்னாலும் தாளைக் கடல்ல போடாத, ஸ்வீப்பரு பாப்பாரு.

சரி, சீட்டு ரெண்டாப் போட்டுரு. உனக்கு ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. காசு கருப்பட்டி வித்து வச்சிருக்கேன். ஷூ எட்டாம் நம்பர், முன்னாடியே திசையன்விளையில எடுத்தாச்சு, ராத்திரி ராத்திரி தோட்டத்தைச் சுத்தி நடந்துட்டிருக்கேன். உங்க ஆச்சிக்கிட்ட மட்டும் வாயைத் தொறந்துராத. போன தடவையே அவகிட்ட நான் புதுக்கோட்டைன்னுதான் சொல்லியிருக்கேன். வேட்டி மடிப்புல மணலும் சிப்பியும் கெடந்துதேன்னு கேட்டா, கோயில் குளத்துலன்னேன். புதுக்கோட்டையில எந்தக் குளத்துல அலை அடிக்குன்னு அவ இன்னும் கேக்கலை.