அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதித் தரவும்

சார்செல், பிரான்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முதுகுவலி, பெரியவனுக்குப் பரீட்சை, எனக்குக் குளிர், அவ்வளவுதான். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள். இதைப் படித்துவிட்டு அண்ணியிடம் மட்டும் காட்டுங்கள்.

அம்மாவை இங்கே கூட்டிவந்து நிரந்தரமாக வைத்துக்கொள்ள என்ன வழி என்று விசாரிக்கக் கிளம்பினேன். பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் விற்பவரிலிருந்து முடி வெட்டுபவர் வரை அத்தனை பேரும் வக்கீல்கள். பீஸ் கிடையாது, பொறுப்பும் கிடையாது. "டூரிஸ்ட் விசாவுல கூட்டிக்கிட்டு வந்துடு, அப்புறம் இங்கேயே மனு போட்டுக்கலாம்" என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரு யாழ்ப்பாணத்து அக்கா மட்டும், "அப்பிடிச் செய்யாதேங்கோ, பிறகு மனுசியைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார். அவர் சொன்னதுதான் சட்டம் என்று பின்னால் தெரிந்தது.

நம்ம புதுச்சேரிக் கடற்கரை ரோட்டில் மேரி என்கிற நகராட்சிக் கட்டடம் 2014-ல் இடிந்து விழுந்து, மறுபடி கட்டினார்களே, இங்கே ஊருக்கு ஊர் அதுபோல ஒரு மேரி உண்டு. அங்கே வக்கீல்கள் வந்து இலவசமாக யோசனை சொல்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "உங்கள் கேஸ் கொஞ்சம் சிக்கல், தனியாக வக்கீல் வையுங்கள்" என்பதுதான் இலவச யோசனை. வைத்தேன். வேலையைத் தொடுவதற்கு முன்பே பீஸ் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அது இங்கே சட்டம். வாய்தாவுக்கு வாய்தா கை நீட்டும் வக்கீல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்றிருந்தது.

வக்கீலம்மா சொன்னது இது. நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிவிட்டதால், 'பிள்ளையின் பராமரிப்பில் வாழும் பெற்றோர்' என்ற வகையில் அம்மா வரலாம். ஆனால் அங்கிருந்தே நீண்டகால விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். வந்த பிறகு மனுப் போட்டால் 10 வருஷத்துக்கு 'கார்த் தெ ரெசிதான்' என்கிற வசிப்பிட அட்டை. அம்மாவிடம் சொன்னேன். "பத்து வருஷமா? அதுவரைக்கும் நான் இருப்பனா?" என்றாள். முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல்தான் வம்பு. பராமரிப்பில் இருக்கிறாள் என்றால், அம்மாவுக்குச் சொந்த வருமானம் இல்லை, நான் அனுப்பும் காசில்தான் சாப்பிடுகிறாள் என்று நிரூபிக்க வேண்டும். நாம் காசு அனுப்புகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கு வருகிறவர்கள் கையில் நூறு யூரோ, இரண்டு சென்ட் பாட்டில், ஒரு பை சாக்லேட். சாக்லேட்டுக்கு ஏது ரசீது? பாங்க் வழியாக மாதாமாதம் போனதுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. சந்தோஷமாக அதை வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா இதை எப்படிச் செலவு செய்கிறார்கள்?" என்று கேட்டார். போன் போட்டுக் கேட்டேன். செலவே செய்யவில்லையாம். எல்லாவற்றையும் ஃபிக்சட் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறாள். வட்டியை மகளிர் குழுவில் சுற்றுக்கு விட்டிருக்கிறாள். போதாததற்கு முதியோர் பென்ஷன் வேறு. வக்கீலம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணே, அடுத்ததைக் கோபப்படாமல் படியுங்கள். "ஊரில் மகன் இருக்கிறாரே, அவர் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள்" என்கிறார். அதற்குத் தோதாக உங்கள் சம்பளம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் காலேஜ் பீஸ் எல்லாவற்றையும் காட்டி, அம்மாவை வைத்துக் காப்பாற்ற இயலவில்லை என்று நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டுமாம். தினம் காலையில் அம்மாவுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் சாமர்த்தியம். அம்மாவிடம் நான் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "தென்னமரம் ரெண்டு இருக்குது, ஆம்பளப் புள்ள இருக்கான், நான் எதுக்கு வெள்ளக்காரன்கிட்ட இல்லாதவன்னு சொல்லணும்?" என்றாள். பிரெஞ்சு சட்டத்துக்கும் அவளுக்கும் ஒத்தே போகாது.

நினைத்தால் நம் தாத்தா மேல்தான் ஆத்திரம் வருகிறது. 1962 ஆகஸ்ட் 16-ல், புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். முன்பு சைகோனில் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த என் வீட்டுக்காரருடைய தாத்தா ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டார். இவர்கள் குடும்பமே இங்கே வந்தது அந்த ஒரு கையெழுத்தால்தான். நம் தாத்தாவுக்கு அந்த ஆறு மாதமும் கள்ளுக்கடையில் வேலை இருந்ததாம், குடிக்கிற வேலை. போட்டிருந்தால் அப்போது ஐந்து வயசுப் பிள்ளையாக இருந்த அம்மாவுக்கும் சேர்ந்து நேஷனாலிட்டி வந்திருக்கும். இன்றைக்கு அவள் எனக்கு ஸ்பான்சர் செய்திருப்பாள்.

பெயர் விவகாரமும் உண்டு. அம்மா பிறந்த 1957-ல் பதிவேடு பிரெஞ்சில். எழுதிய குமாஸ்தா 'அம்மாள்' என்பதற்குப் பின்னால் இரண்டு 'எல்'லும் ஒரு 'இ'யும் தாராளமாகப் போட்டிருக்கிறார். ஆதாரில் அது ஒற்றை 'எல்'. பாஸ்போர்ட்டில் நம் தாத்தா பெயர்தான் குடும்பப் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு அப்போஸ்தில் முத்திரை, தமிழில் இருந்தால் கோர்ட் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர், அவருக்குத் தனி பீஸ்.

விசா மறுத்துவிட்டால்? 30 நாளுக்குள் நாந்த் ஊரில் உள்ள கமிஷனுக்கு முறையீடு செய்ய வேண்டும். கமிஷன் இரண்டு மாதம் பதில் பேசாமல் இருந்தால், முடியாது என்று அர்த்தமாம். மௌனம் சம்மதம் என்று சொல்லித்தானே அப்பா என்னைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்! நான் இந்த நாட்டில் பிறந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

டொரோண்டோ சித்தி மகனிடம் புலம்பினேன். அங்கே அப்பா அம்மாவைக் கூப்பிடவே குலுக்கல் வைத்திருந்தார்களாம். பெயர் விழுந்தாலும், 20 வருஷம் நானே காப்பாற்றுகிறேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அம்மா அங்கே போயிருந்தால் அவனுக்கே ஃபிக்சட் டெபாசிட் போட்டுக் கொடுத்திருப்பாள்.

ஆக, பிறப்புச் சான்றிதழ், பெயர்ச் சான்றிதழ், உங்கள் கடிதம், மூன்றையும் சீக்கிரம் அனுப்புங்கள். அம்மா இங்கே பௌர்ணமிக்குப் போக நம்ம ஊர் சித்தானந்தர் கோயில் மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். லாச்சப்பலில் பிள்ளையார் இருக்கிறார் என்று சொல்லிவையுங்கள். டெபாசிட் எவ்வளவு என்பதை மட்டும் நீங்களே எப்படியாவது விசாரித்து எழுதுங்கள். நான் கேட்டால் சிக்னல் இல்லை என்று போனை அண்ணியிடம் கொடுத்துவிடுகிறாள்.

அன்புத் தங்கை,
செல்வி