இடம் போக, இடம் வர: சுருளிப்பட்டிப் பேருந்தின் சன்னலோரம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சொகுசுக் கப்பலில் பால்கனி அறை எடுப்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: இடப்பக்கமா, வலப்பக்கமா? காசைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து அறைக்காரர் மட்டும் தீவும் மலையுமாகப் பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? 2022 ஜூனில் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பியபோது முதலமைச்சரே வந்து கொடியசைத்தார். அந்தக் கப்பலில் எந்தப் பக்கத்து அறை மேல் என்று தமிழில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுகூட இன்னும் கண்ணில் படவில்லை.

அந்தக் குறையைப் போக்கச் சுருளிப்பட்டி முன்வந்திருக்கிறது. கம்பத்துக்கும் சுருளி அருவிக்கும் நடுவில், கல்தூணும் கம்பியுமாகப் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கும் ஊர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையில் இந்த ஊருக்கும் பங்குண்டு. கடலோடு இந்த ஊருக்கு உள்ள உறவு உப்பும் கருவாடும்தான் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கடலைப் பார்க்காதவர் கடலைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் நம் கருத்தரங்குகளில் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

மேலும், கப்பலும் பஸ்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. ‘ஸ்டார்போர்டு’ என்ற பெயரே அந்தத் துடுப்பால் வந்தது. துடுப்பு கரையில் இடித்துவிடாமலிருக்க இடப்பக்கத்தைத்தான் துறையில் அணைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு ‘லார்போர்டு’ என்று பெயர். காற்றடிக்கும் நேரத்தில் இரண்டு பெயரும் ஒன்றுபோலக் காதில் விழுந்ததால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை ‘லார்போர்டை’த் தூக்கிவிட்டு ‘போர்ட்’ என்பதை நிலைநிறுத்தியது. கம்பம் பஸ்ஸைப் பாருங்கள். ஸ்டியரிங் வலப்பக்கம், படிக்கட்டு இடப்பக்கம், நிறுத்தத்தில் அணைவதும் இடப்பக்கம். இதற்குமேல் சான்று கேட்பவர் டிக்கெட்டுக்கும் ரசீது கேட்பார் (கண்டக்டர் வாய்மொழி, கம்பம் பேருந்து நிலையம்).

இனி வெயில். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனிக்குப் போகும் சாலை நடுவே வடகிழக்காகச் செல்கிறது. காலையில் கிளம்பினால் வெயில் வலப்பக்கம் விழும். மாலையில் திரும்பும்போது பஸ் தென்மேற்கே பார்த்திருக்கும், சூரியன் மேற்கே போயிருப்பான், வெயில் மறுபடியும் வலப்பக்கமே. ஆகவே காலையில் போய் மாலையில் திரும்பும் ஆளுக்கு இரண்டு தடவையும் இடப்பக்கம்தான் நிழல். இந்த ஆய்வு கண்டடைந்த சூத்திரம் இதுவே: இடம் போக, இடம் வர. சுருக்கமாக ‘இபோஇவ’.

இதைப் படித்ததும் ஆங்கிலம் அறிந்தவர்கள் ‘பாஷ்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டு புன்னகைப்பார்கள். மேட்டுக்குடிப் பகட்டைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பி அண்ட் ஓ கப்பலில் இந்தியாவுக்கு வந்த துரைமார், கிழக்கே வரும்போது தெற்கு வெயில் வலப்பக்கம் அடிக்கும் என்று இடப்பக்க அறையும், திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்கினார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளைச் சீட்டில் குத்தினார்களாம். அதுவே ‘பாஷ்’ ஆனதாம். கதை அழகுதான். ஆனால் அப்படி முத்திரை விழுந்த ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஆங்கில அகராதிக்காரர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை. நம் ஊராக இருந்தால் சீட்டு கிடைக்காததையே அதன் பழமைக்குச் சான்றாக்கி, ‘கடல்கோளில் போயிற்று’ என்று அடிக்குறிப்பும் போட்டிருப்பார்கள்.

துரைமார் சூத்திரத்தை நம்பித் தேனி பஸ்ஸில் திரும்பும்போது வலப்பக்கம் உட்காருபவர் சின்னமனூருக்குள் அப்பளமாகிவிடுவார். கப்பல் வாரக்கணக்கில் போனது. அதற்கு வெயில் என்பது தெற்குதான். பஸ்ஸுக்குக் காலை வெயில் வேறு, மாலை வெயில் வேறு. அது மட்டுமல்ல, பால்கனிக்காரர்கள் காசு கொடுத்து வெயிலைத் தேடுகிறார்கள். சுருளிப்பட்டிக்காரர் காசு கொடுத்து அதனிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்.

விதி என்றால் விலக்கு வேண்டுமே. இந்த அட்சரேகையில் சித்திரை பிறந்த உடனேயும் ஆவணி பாதிக்குள்ளும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். இதனால் பஸ் பயணிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, மேலே கூரை இருக்கிறது. ஆனாலும் ஆய்வேட்டில் ஒரு இயல் கூடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும்போது தேனிக்குப் போகும் பஸ்ஸில் இடப்பக்கம் நனையும். அப்போது சன்னல் தகடு ஏறாது. சித்திரையில் அதே தகடு இறங்காது.

இருக்கைகள் ஐவகைப்படும். சன்னலோரம்: கீழே விரிக்கப்படும். நடு: மூவர் சீட்டில் இரண்டு தோளுக்கு நடுவில் தூங்குபவர்க்கு உரியது. நடைபாதை ஓரம்: கண்டக்டரின் பை இடிக்கும். கடைசி நெடுஞ்சீட்டு: வேகத்தடைதோறும் உயரும். படிக்கட்டு: இருக்கை அன்று, ஆதலின் விடப்பட்டது.

‘சன்னல்’ என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது, அவர்கள் மொழியில் ‘ஜனேலா’. அதற்கு முன்னால் நம்மிடம் சாளரம் இருந்தது, காற்று வரும் வழி என்ற பொருளில் காலதர் இருந்தது. சன்னலே கப்பலேறி வந்த சரக்கு என்பதால் இந்த ஆய்வின் கடல்சார் தகுதி மேலும் உறுதிப்படுகிறது. ‘ஜனேலா’வைத் தமிழ் வேரிலிருந்து வருவிக்கும் பொறுப்பு உரியவர்களிடம் விடப்படுகிறது, அவர்களுக்கு ஒரு மத்தியானம் போதும்.

சுருளிப்பட்டிக்கு மெய்யாகவே பக்கத்தில் இருக்கும் ‘கப்பல்’ தேக்கடிப் படகு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை தேக்கிய தண்ணீரில்தான் அது மிதக்கிறது. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து லோயர் கேம்ப்பில் இறங்கி இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லுக்குப் பாய்கிறது. படகு போன வழியே திரும்புவதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இரண்டு கரையும் கண்ணில் படும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக ஒதுங்கியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது; படகின் அமைப்பிலேயே கோளாறு என்றும் பேசப்பட்டது. இதில் ஆய்வாளருக்கு வேலை இல்லை. பஸ்ஸுக்குத் திரும்புவோம்.

எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்தைப் பிடிக்கவும் வேண்டும். இங்கேதான் துண்டு வருகிறது. இதுவரை இத்துறை அறிஞர்கள் துண்டை உடை என்றே பார்த்துவந்தனர். அது உடை அன்று, பத்திரம். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட ஓடி, உள்ளங்கையில் சுருட்டிய துண்டைச் சன்னல் வழியே வீசினால், துண்டு விழுந்த இடம் வீசியவருடைய பட்டா (கண்டக்டர் வாய்மொழி, மேற்படி, சில்லறை இல்லாத நேரத்தில் சொன்னது, ஆகவே கடுமையானது). ஈரத்துண்டுக்கு வலு அதிகம், அடுத்தவர் தொடமாட்டார். மஞ்சள் பை துண்டுக்கு அடுத்தபடி. நாளிதழை எவராவது எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுவார், பாத்தியதை அவருக்கு மாறிவிடும். கைக்குட்டை செல்லாது. குழந்தையை உள்ளே இறக்குவது மறுக்க முடியாத ஆவணம். அது அழத் தொடங்கினால் பக்கத்து சீட்டும் சேர்ந்து காலியாகும் என்பது கூடுதல் லாபம்.

வழக்கு வரும்போது நடக்கும் வாதம் இவ்வாறு:

“அண்ணே, அதுல துண்டு கெடக்குண்ணே.”

“துண்டுதானப்பா கெடக்கு. ஆளெங்க?”

“டீ குடிக்கப் போயிருக்காரு.”

“அப்ப அவரு வர்ற வரைக்கும் துண்டுக்குத் துணையா உக்காந்திருக்கேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தால் உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரிந்தனர். துணையாக உட்கார்ந்தவர் எழத் தேவையில்லை என்பது ஒரு சாரார் துணிபு. (ஒரு டிக்கெட்டின் பின்புறம், மடிப்புக்குக் கீழே. வேர்வையில் எழுத்து அழிந்திருக்கிறது. ‘துணை’ என்பதை ‘துணி’ என்று பாடங்கொள்வாரும் உளர்.) துண்டு துண்டுக்காரரின் தோளாகவே கருதப்படும், தோள்மேல் உட்காருவது முறையன்று என்பது மறுசாரார் கருத்து. (டீக்கடைப் பெஞ்சில் இடமிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர் கூற, நான்காவதாக இருந்தவர் பாதி கேட்டு, மீதியைத் தானே கூட்டி, திராட்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தால் சொல்வதாக ஒப்புக்கொண்டு, ஜூஸ் வந்தபின் ‘எனக்கென்னப்பா தெரியும்’ என்று மறுத்தது. மறுத்ததால் உண்மை என்க.) இவ்விரு சாராரும் இன்றுவரை ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை என்றும், ஏறினாலும் ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டுவதில்லை என்றும் தெரிகிறது. இந்தப் பழக்கம் பஸ்ஸிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனதா, அங்கிருந்து இங்கு வந்ததா என்பது மேலாய்வுக்கு உரியது.

சூத்திரத்தைச் சோதிக்க ஒரு காலையில் ஆய்வாளரே களத்தில் இறங்கினார். சுருளிப்பட்டியில் கம்பம் போகும் டவுன் பஸ் வந்தது. இபோஇவ-வை மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு ஏறி இடப்பக்கம் திரும்பினால், சன்னலுக்கு மேலே பெயின்ட்டில் ‘மகளிர்’ என்று எழுதியிருந்தது. 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்குக் கட்டணமும் கிடையாது. வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கூடையோடு ஒரு அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னய்யா முழிச்சுக்கிட்டு நிக்கிற? அங்கிட்டுப் போயி உக்காரு.”

“அங்கிட்டு வெயிலடிக்கும் அப்பத்தா.”

“அடிச்சா அடிக்கட்டும். எளவெயிலு, ஒடம்புக்கு நல்லது.”

இந்த மேற்கோளுக்கு எதிராக ஆய்வாளரிடம் நூற்சான்று எதுவும் இல்லை. வலப்பக்கம் மூவர் சீட்டில் இரண்டு பேரின் முழங்காலைத் தாண்டிச் சன்னலோரம் போய் உட்கார்ந்து, தகட்டை இறக்கிப் பார்த்தார். அது சித்திரை நிலையில் இருந்தது.

கம்பத்தில் இறங்கியதும் தேனி பஸ் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இடப்பக்கம் மூன்றாவது சன்னல் வழியே துண்டை வீசினார். சரியாக விழுந்தது. மரபு வழுவாமல் டீ குடிக்கப் போனார். டீ சூடாக இருந்ததால் ஆற்றிக் குடித்தார். திரும்பி வந்தபோது பஸ் இல்லை. துண்டு மட்டும் இடப்பக்கச் சன்னலோரத்தில், நல்ல நிழலில், உத்தமபாளையம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.