ஆயில் ஜோசியர்

ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி என்றிருக்கும். மயிலாப்பூர் வாயில் அது என்றைக்கும் ஃபியட்தான். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டாகிறது. ஆயில் சொட்டுவதுதான் நின்றபாடில்லை.

அந்த வண்டியை இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஃபியட் மாமாவைச் சுலபமாக அடையாளம் காணலாம். இன்றைய ஹிந்து அவருக்கு, நேற்றையது வண்டிக்கு. ராத்திரி எஞ்சினுக்கு அடியில் விரித்த தாளை விடிந்ததும் முட்டி போட்டு உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் பார்ப்பார். "முன்னாடி விழுந்தா டைமிங் கவர் சீல். நடுவுல விழுந்தா சம்ப் பேக்கிங். பின்னாடி விழுந்தா..." அதற்குமேல் வார்த்தை வராது. பின் ஆயில் சீல் என்றால் கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும்.

மாமியின் வழக்கு வேறு. "ஏன்னா, வாசல்ல புள்ளி வைக்க நான் இருக்கேன். உங்க வண்டி எதுக்கு?"

மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் ஸ்பேனரை எடுத்து, எட்டிய நட்டையெல்லாம் ஒரு சுற்று முடுக்குவார். அதுவும் பலிக்காவிட்டால் புதுப்பேட்டைக்குப் போய்ப் பேரம் பேசி ஒரு பேக்கிங் வாங்குவார். 'இனிமே கிடைக்காது' என்று கடைக்காரர் சொன்னால் இரண்டாக வாங்குவார். இரண்டும் பீரோவுக்குள் பத்திரமாகப் போய்விடும்.

கடைசியில் மந்தைவெளி மரத்தடி மெக்கானிக் வருவார். பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஒழுகற எடம் வேற, சொட்டற எடம் வேற சார். மேல கசிஞ்சா கீழதான வரும்?"

எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, "வூட்ல பவுடர் கீதா?" என்பார். மாமியின் குட்டிக்கூரா டப்பா வரும். எஞ்சின் முழுக்கப் பவுடர் தூவி, வண்டியை ஸ்டார்ட் செய்து விடுவார். சற்று நேரத்தில் டேப்பட் கவரின் பின்மூலையில் பவுடர் நனைந்து, ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கும். மாமா பயந்த பின் சீலுக்கு ஒன்றுமில்லை. கவரைக் கழற்றினால் கார்க் பேக்கிங் பிதுங்கி, வெடித்துக் கிடக்கும்.

"யார் சார் இப்டி டைட் வெச்சது?"

மாமா கபாலி கோபுரத்தைப் பார்ப்பார்.

மெக்கானிக் அதோடு விடமாட்டார். பிரீதர் குழாயைப் பிடுங்கி உதறினால் கறுப்புக் கசடு கொட்டும். "உள்ள மூச்சு முட்டிச்சுன்னா எங்கனா ஒரு வழி தேடிக்கும் சார். பேக்கிங்கத் தள்ளிக்கினு வந்துரும்." குழாயைச் சுத்தம் செய்து, பீரோவிலிருந்த பேக்கிங்கையே போட்டு, நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றி, அளவாக முடுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மறுநாள் பேப்பரில் ஒரு சொட்டு இருக்காது. மாமாவுக்கு முகம் செத்துவிடும். ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். அளவு சரியாக இருக்கும். எதிர்வீட்டுக்காரரிடம் பேச விஷயமில்லாமல் வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை வரும். "எதுக்கும் ஒரு சுற்று முடுக்கி வைப்போமே" என்று தோன்றும்.

பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு: ஆயில் கசிந்தால் முதலில் பிரீதரைப் பாருங்கள். பிறகு மேலிருந்து கீழாகத் தேடுங்கள். பேக்கிங் மாற்றியானதும் வீட்டிலுள்ள ஸ்பேனரை மாமியிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள்.