மொட்டைமாடியில் ஒரு மாட்டு இதயம்

வேடசந்தூரில் மொட்டைமாடித் தொட்டியில் அரைக்கிலோ எடையில் ஒற்றைத் தக்காளியைக் காய்க்க வைப்பதை விவசாயத்தில் சேர்க்கக் கூடாது. அது கௌரவப் பிரச்சினை. பக்கத்து அய்யலூர்ச் சந்தையில் வரத்து கூடிவிட்டால், பறிப்புக் கூலிக்கே கட்டுபடியாகாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மாடியிலோ மாட்டு இதய வடிவில் ஒரே ஒரு பழத்தைப் பார்க்க, வெளிநாட்டு விதை, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், பச்சை நிழல்வலை என்று பணம் ஓடுகிறது. இரவிலும் சூடு இறங்காத சித்திரையில் மகரந்தம் வலுவிழந்து, பிஞ்சு பிடிக்காமலே பூ உதிரும். தப்பிப் பிழைத்தது மடிப்பு மடிப்பாகப் புடைத்து, தண்ணீர் முறை தவறினால் காம்பைச் சுற்றி வெடித்து, பார்க்கிறவர்களை “செடிக்கு ஏதும் நோயா?” என்று கேட்க வைக்கும்.

‘2020-ல் அமெரிக்காவில் ஒரே பழம் 4.9 கிலோவை நெருங்கியதே’ என்பார்கள். நெருங்கியது, ஆனால் அது விளைந்த இடத்தில் கோடையிலும் இரவில் சூடு தணியும். ‘ருசி?’ நியாயமான கேள்வி. லாரிப் பயணத்துக்கென்றே தோல் தடித்த வீரிய ரகத்தைவிடச் செடியிலேயே பழுத்தது ருசிதான். அதற்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 போதும், நம்மூர் வெயில் அதற்குப் புதிதல்ல. ‘2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது?’ அப்போதும் ரசத்துக்குத் தேவைப்பட்டது இரண்டு சின்னப் பழம். ஒற்றைப் பூதத்தை வெட்ட மனசு வராது. ஊருக்கெல்லாம் படம் அனுப்பி முடிப்பதற்குள் அது அழுகிவிடும். தாராளமாக வளர்க்கட்டும். செலவை மட்டும் காய்கறிக் கணக்கில் எழுதாமல், தீபாவளிப் பட்டாசுக் கணக்கில் எழுதிக்கொண்டால் குடும்பத்தில் சண்டை வராது.