மாம்புரி வீடுகளில் திறப்பு ஒளிக்கும் முறைமை: ஓர் ஆய்வு முன்னீடு

1. ஆய்வின் தேவை

களவைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் பலர். களவு போகாமல் காப்பதைப் பற்றி எழுதியவர்கள் சிலர். வீட்டைப் பூட்டிய பிறகு அந்தத் திறப்பை எங்கே வைப்பது என்று எழுத இதுவரை எவரும் துணியவில்லை. கருத்தரங்குகளில் ‘வெளி’, ‘எல்லை’, ‘உடைமை’ என்று இரண்டு நாள் கட்டுரை வாசிப்பவர்கள், மூன்றாம் நாள் விடுதி அறைத் திறப்பைக் காணாமல் விறாந்தையில் நிற்கிறார்கள். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. முழுவதுமாக அல்ல, ஒரு விரல் நுழையும் அளவுக்கு.

2. ஆய்வுக்களம்

மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவர் வழியில் கண்ணயர்ந்தால் மாம்புரியைத் தவறவிடுவார். விழித்திருந்தால் காற்றாலைகளைக் காண்பார். 2010 முதல் அவை சுழல்கின்றன. பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையமோ மூன்று அலகுகளுமாகச் சேர்த்து 900 மெகாவாட். இவ்வளவு மின்சாரத்துக்கு நடுவில் ஓர் ஒழுங்கை ஏன் இருட்டாகக் கிடக்கிறது என்பது வேறொரு துறைக்குரிய ஆய்வு.

களத்தின் சிறப்பு மணல். இரவில் முற்றத்துக்கு வந்துபோனவன் காலையில் கால்தடமாக இருப்பான். ஆனால் கச்சான் காற்று எழும் மாதங்களில் அந்தத் தடம் விடியுமுன்னே அழிந்துவிடும். ஆகவே காற்றுக்காலம் கள்ளனுக்கும் மற்றக் காலம் வீட்டுக்காரருக்கும் சாதகமானது என்றொரு கருதுகோளை அமைக்கலாம். அமைத்தாயிற்று. சோதிக்கும் எண்ணமில்லை. கருதுகோள்களைச் சோதிக்கத் தொடங்கினால் கருத்தரங்குகள் குறைந்துவிடும்.

3. முன்னோர் கண்டவை

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கள்ளருக்குத் துணையாவன எட்டு என்று பொற்கொல்லன் காவலருக்கு வகுத்துரைக்கிறான். மந்திரமும் மருந்தும் அதில் உண்டு, கருவியும் உண்டு. பூச்சட்டியைத் தூக்கிப் பார்த்தல் என்ற ஒன்பதாவது இல்லை. அதைவிட முக்கியமானது, அரசியின் சிலம்பைத் திருடியவனே இந்த விரிவுரையையும் நிகழ்த்தினான் என்பது. களவியலின் முதல் விரிவுரையாளர் கைவசம் களவுப் பொருளோடுதான் மேடையேறினார். அம்மரபு அற்றுப்போகவில்லை. அடிக்குறிப்பு இல்லாத ஆய்வேடுகளில் அது இன்றும் தழைக்கிறது.

வடமொழியில் சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ இன்னும் மேலே போகிறது. சர்விலகன் என்ற கள்ளன் நள்ளிரவில் சுவருக்கு முன்னால் நின்று, கன்னத்தைத் தாமரை வடிவில் வைப்பதா, பிறை வடிவில் வைப்பதா, குட வடிவில் வைப்பதா என்று ஆசான்களின் மரபை நினைவுகூர்கிறான். அளவுநூலை மறந்து வந்ததால் பூணூலைக் கொண்டு அளக்கிறான். செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு வகைப்பாட்டில் இறங்கும் இப்பழக்கம் கள்ளரிடமிருந்து பேராசிரியருக்கு வந்ததா, மறுதலையா என்பதில் இரு தரப்பும் மௌனம் காக்கின்றன. மாம்புரியில் சர்விலகனுக்கு வேலையில்லை. கிடுகு வேலியில் தாமரை வடிவம் வெட்டப் போனால் வேலியே கையோடு வந்துவிடும். வேலியைக் குறைசொல்ல இடமில்லை. 1667இல் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கட்டத் தொடங்கிய கோட்டையே இன்று கடற்படையின் காவலில்தான் இருக்கிறது.

சட்டவியலார் திறப்பை நெருங்கினார்கள், தொடவில்லை. 2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, வீடுடைத்துப் புகுதலை ஆறு வழிகளாகப் பிரித்து உதாரணங்களும் தந்தது. சுவரில் துளையிட்டுக் கையை விடுதல், கப்பலின் பக்கத் துவாரத்தால் ஊர்ந்து புகுதல், கதவோட்டையில் கம்பி விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குதல் என்று போகும் பட்டியலில், வீட்டுக்காரர் தொலைத்த திறப்பைக் கண்டெடுத்துக் கதவைத் திறந்து புகுந்தாலும் அது வீடுடைப்பே என்றொரு உதாரணம் வந்தது. அச்சட்டத்தின் சாயலில் 1883இல் இலங்கைக்கும் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. தொலைந்த திறப்பைச் சிந்தித்த மேதைகள், தொலையாமல் பூச்சட்டிக்குக் கீழே நிம்மதியாகக் கிடக்கும் திறப்புக்கு ஓர் உதாரணம் எழுதியிருக்கலாம். இந்நூற்றாண்டின் பொறுப்பு அது.

4. சில்லறைக் காவல் வகைகள்

நாய்: சோறு போடுபவருக்கு விசுவாசமானது, கள்ளனும் சோறு போடலாம்.

‘நாய் கவனம்’ பலகை: மும்மொழியில் எழுதப்படின் அரச மொழிக்கொள்கைக்கு இசைவானது. நாய் இருக்கவேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

கமரா: களவு நடந்ததைத் தெளிவாகக் காட்டும்.

வெருளி: கட்டிமுடியாத வீட்டில் கண்ணூறுக்காகத் தொங்குவது. சீமெந்து மூட்டையைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை.

போட் இஞ்சின்: கரைக்கு வந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வாடிக்குக் கொண்டுபோகவேண்டியது. உலகிலேயே உரிமையாளரின் தோள்வலியால் காக்கப்படும் ஒரே வாகன உறுப்பு இதுவாக இருக்கலாம்.

தண்ணீர்ப் பம்ப்: வெங்காயப் பாத்தியில் விட்டுவந்தால் நித்திரை வராது, வீட்டுக்குள் கொண்டுவந்தால் மண்ணெண்ணெய் மணத்தில் நித்திரை வராது.

ஓட்டோ: தென்னையோடு சங்கிலியால் பிணைக்கப்படுவது. ஆனால் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த மாதங்களில், ஓட்டோவைவிட அதன் டாங்கிக்கே காவல் தேவைப்பட்டது. அப்போது பூட்டு வாகனத்திலிருந்து டாங்கி மூடிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் தேங்காய் விலை ஏறியபோது, சங்கிலி ஓட்டோவைக் காக்கிறதா தென்னையைக் காக்கிறதா என்ற தத்துவச் சிக்கலும் எழுந்தது.

5. திறப்பு ஒளிப்பியல்

இனி விடயத்துக்கு வருவோம். வீட்டை ஆமைப்பூட்டால் பூட்டியவர் திறப்பைக் கையில் கொண்டுபோவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு திறப்பு. திரும்பி வருபவர்கள் ஐந்து பேர், ஐந்து நேரங்களில். ஆகவே ஒளிக்கவேண்டும். இங்கே அறிஞர்கள் மூன்று பள்ளிகளாகப் பிரிகிறார்கள்.

மேல்நிலைவாதிகள் கதவுநிலையின் மேல் வைப்பர். வீட்டில் குள்ளமானவர் இருந்தால் இப்பள்ளி ஒரு கதிரையையும் வெளியே வைக்கவேண்டி வருகிறது. கதிரையைக் கண்ட கள்ளனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை (மாமி, வாசற்படிக் குறிப்புகள்).

உள்நிலைவாதிகள் பழைய செருப்புக்குள், கோழிக்கூட்டுக்குள், மீட்டர்ப் பெட்டிக்குள் வைப்பர். கோழிக்கூட்டில் வைத்த திறப்பை எடுக்கப் போனவரின் கையைக் கோழி கொத்தியதுண்டு. கள்ளனையும் கொத்துமா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது (மாமி, மேலது; மறுப்புக்குக் காண்க: கோழி).

கீழ்நிலைவாதிகளே பெரும்பான்மையினர். இவர்களின் கோயில் பூச்சட்டி. குரோட்டனோ கற்றாழையோ நட்ட சட்டிகள் வாசலில் வரிசையாக இருக்கும். முதல் சட்டிக்குக் கீழ் எவரும் வைப்பதில்லை. கள்ளன் முதலில் அதைத்தான் பார்ப்பான் என்பது காரணம். ஆகவே இரண்டாவது சட்டி. ஆனால் இக்காரணம் கள்ளனுக்கும் தெரியும், ஆகவே அவன் இரண்டாவதில் தொடங்குவான். ஆகவே மூன்றாவது என்பர் பிற்காலத்தார். மூன்றாவதிலும் இதே தர்க்கம் செல்லுமாதலால் திறப்பு சட்டி சட்டியாக நகர்ந்து, வரிசை முடியும் இடத்தில் மீண்டும் முதலாவதுக்கே வந்துவிடவேண்டும் என்று நிறுவியவர் எதிர்வீட்டுப் பெரியம்மா (கிணற்றடி உரைகள், மூன்றாம் வாளி). இதை ‘இரண்டாம் சட்டிச் சிக்கல்’ என்கிறோம். அதே பெரியம்மா அதே பின்னேரம் தன் முடிபைத் தானே மறுத்து, எந்தச் சட்டியென்று சட்டியே சொல்லிவிடும், அடிக்கடி தூக்கும் சட்டியைச் சுற்றி மணல் பிறை வடிவில் குலைந்திருக்கும், அதிலுள்ள செடியும் மற்றவற்றைவிட வாடியிருக்கும் என்றார் (கிணற்றடி உரைகள், திருத்திய பதிப்பு, ஐந்தாம் வாளி, வேலிக்கு மறுபுறமிருந்து நிகழ்த்தப்பட்டது, இடையில் இரண்டு வரிகள் பம்ப் இரைச்சலில் அழிந்துபட்டன, பாடபேதத்துக்கு ஒப்புநோக்குக: பெரியப்பாவின் இருமல், குறிப்பாக இரண்டாவது). செடி வாடும் என்ற கூற்றைத் தாவரவியலார் ஏற்கவில்லை. அவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள் அல்லர்.

இங்கே ஒரு வரலாற்று ஒப்பீடு அவசியமாகிறது. லண்டனில் பிராமா என்பாரின் பூட்டு ஒன்று, திறப்பவருக்கு 200 கினி என்ற சவாலோடு 1790 முதல் கடைக் கண்ணாடிக்குள் கிடந்தது. 1851இல் அமெரிக்கப் பூட்டாசாரி ஹொப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில், மொத்தம் 51 மணிநேரம் எடுத்தது. இதைப் பூட்டின் தோல்வியென்பர் மேலைநாட்டார். களத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாம்புரியில் ஒருவர் பூட்டிய கதவின் முன் 51 மணிநேரம் வேண்டாம், ஐந்து நிமிடம் குந்தியிருக்கட்டும். வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பும்.

“ஆரைத் தேடுறீங்க தம்பி?”

தொடர்ந்து வருபவை: எந்த ஊர், ஆருடைய மகன், தாய் எந்தப் பக்கம், இந்த வெயிலில் ஏன் வந்தது, நாளைக்கு வந்தால் என்ன. ஹொப்ஸின் கம்பிகள் எதுவும் இதற்குச் செல்லாது. விடைகள் திருப்தியாக அமைந்தால் மட்டும் கடைசி உருளை தானே விழும்: “இரண்டாவது சட்டிக்குக் கீழ கிடக்கு. திறந்து இருங்க, வந்துருவாங்க.” அதாவது, ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்த இடத்தில் ஒளிக்கப்படுவதே திறப்பு. கதவில் தொங்கும் ஆமைப்பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று ஆடுமாடுகளுக்கு அறிவிக்கும் பலகை மட்டுமே.

இம்முறைமை ஆண்டில் ஒருமுறை சோதனைக்குள்ளாகிறது. ஆவணியில் தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் பெரியம்மாவே பாயும் பானையுமாகப் போய்விடுகிறார். அவரோடு வேலிக்கு மேல் எழும்பும் தலைகளில் பெரும்பங்கு போய்விடுகிறது. அப்போது நான்கு வீட்டுத் திறப்புகளும் மூலை வீட்டுச் சாச்சியிடம் ஒப்படைக்கப்படும். பெருநாளைக்கு அவர் புத்தளத்துக்குப் போகும்போது இது அப்படியே தலைகீழாக நடக்கும். சாச்சி அந்த நான்கு திறப்புகளையும் எங்கே வைக்கிறார் என்பதே இத்துறையின் தீராத வினா. அரிசிப் பீப்பா என்கிறார்கள் ஒரு சாரார். முந்தானை முடிச்சு என்கிறார்கள் மறுசாரார். இரண்டும் செவிவழி.

6. கள ஆய்வு

இவ்வினாவைத் தீர்ப்பதற்கெனக் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வு உதவியாளர் வரவழைக்கப்பட்டார். கையில் வினாக்கொத்து, சட்டைப் பையில் இரண்டு பேனைகள். பதினான்காம் வினா: ‘பிறர் திறப்புகளைத் தாங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ சாச்சி அவரை விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, “நீங்க ஆருட மகன்?” என்று தொடங்கினார். அந்திப்படுமுன் உதவியாளரின் தகப்பன் பெயர், சொந்த ஊர், மாதச் சம்பளம், இன்னும் கலியாணம் ஆகாததன் காரணம் ஆகிய நான்கும் ஒழுங்கை முழுவதிலும் பதிவாகியிருந்தன. வினாக்கொத்தில் பதினான்காம் வினாவுக்கு எதிரே ஒரு சிறு கோடும், தேத்தண்ணிக் கறையும் உள்ளன.