வண்டிக்கும் வாய்வு

"ஃபுல்லாயிட்ச்சி சார்" என்று ரேடியேட்டர் மூடியைத் திருகினான் மெக்கானிக் பையன். கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள், வில்லியனூரில். வடித்த பழைய கூலண்ட் நாலு லிட்டர். வாளியில் என் கண்ணெதிரே அளந்தது. ஊற்றியது மூன்று. நாலாவது கேன் சீல் உடையாமல் என் கையில் இருக்கிறது. புதுச்சேரியில் எந்தத் திரவம் மலிவு என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். கூலண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. "அப்ப இந்த ஒரு லிட்டர்?" என்றேன். "அதான் ஃபுல்லாயிட்ச்சே" என்றான், நான்தான் கணக்கில் வீக் என்பதுபோல.

பாகூருக்குக் கிளம்பினேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டவில்லை, முள் எழுந்து சிவப்பைத் தொட்டது. புளியமரத்தடியில் ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். கல்யாண வீட்டில் பந்திக் கதவைத் திறந்ததுபோல் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் "ஹெட் கேஸ்கட் போயிட்ச்சி" என்றார். இன்னொருவர் "வாட்டர் பம்ப்" என்றார். மூன்றாமவர் வண்டியையே பார்க்காமல், "வித்துட்டு வேற வாங்கிடுங்க" என்றார். நாலாமவர் பேசவில்லை, தோள் துண்டை மடித்து, கொதிக்கிற மூடியைத் திறக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கை பறந்தது. அந்த மூடி சும்மா மூடியில்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீரை 118 வரைக்கும் அடக்கி வைத்திருக்கும். திறந்தால் மொத்தமும் மூஞ்சியில்.

காற்று சிக்காமல் கூலண்ட் ஊற்றுவதற்கு மூன்றே விதிகள்தான். அவற்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நம் வீடுகளில் வாய்வு காரணமில்லாத வியாதி உண்டா? தோள்பட்டை குத்தினால் வாய்வு. முதுகு பிடித்தால் வாய்வுப் பிடிப்பு. தலை வலித்தால் வாய்வு மேலே ஏறிவிட்டது. கால் குடைந்தால் கீழே இறங்கிவிட்டது. உருளைக்கிழங்கு வாய்வு, வாழைக்காய் வாய்வு, மொச்சை பெருவாய்வு. கொண்டைக்கடலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் மாமனார் ஏப்பத்தைக் காதால் கேட்டே ரகம் பிரிப்பார்: புளியேப்பம், பசியேப்பம், ஓசிப் பந்தி ஏப்பம். ஒவ்வொன்றுக்கும் மாமியாரின் அஞ்சறைப்பெட்டியில் தனி மாற்று உண்டு: ஓமம், சீரகம், சுக்கு. எதற்கும் மசியாததற்குப் பெருங்காயம். என் சித்தப்பாவுக்குக் கண்ணாடி பவர் கூடியது. வாய்வு கண்ணில் ஏறிவிட்டதாம். அவர் பையனுக்குப் பிளஸ் டூ கணக்கில் மார்க் குறைந்தது. பரீட்சையன்று காலையில் பூரிக்கிழங்கு. மாப்பிள்ளை பெண் வீட்டாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பாவம், அவருக்கு கேஸ் டிரபுள்" என்று தரகரே சமாதானம் சொன்னார். நானும் யோக்கியனில்லை. ராத்திரி தூக்கம் வராவிட்டால், கடனை நினைத்து வரவில்லை என்று ஒப்புக்கொள்வேனா? மதியம் தின்ற வாழைக்காய் பஜ்ஜியின் மேல்தான் பழி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு சோடா வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்ட குடும்பங்களும் உண்டு. அதை நினைத்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

இவ்வளவு ஞானம் பெற்ற சமூகம், நிஜமாகவே வயிற்றில் காற்று சிக்கிக்கொண்ட ஒரே ஒரு ஜீவனைப் பார்த்து என்ன சொன்னது? "ஹெட் கேஸ்கட்."

ஐயா, அது வாய்வு! வடித்ததற்கும் ஊற்றியதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் இடத்தில் உட்கார்ந்திருப்பது காற்று. ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வாயிற்காப்போன் இருக்கிறான். சுமார் 82 டிகிரி சூடு ஏறாமல் கதவைத் திறக்கமாட்டான். ஆறிய வண்டியில் அவசரமாக ஊற்றினால், கதவுக்கு அந்தப் பக்கம் காற்று. இந்தப் பக்கம் மூடி வரைக்கும் கூலண்ட். பார்ப்பவனுக்கு ஃபுல். கதவு திறந்ததும் மட்டம் இறங்கும், காற்று உயரமான மூலையாகப் பார்த்துப் போய் ஒண்டிக்கொள்ளும். காற்று இருக்கிற இடத்தில் இரும்பு காயும். சூடு பார்க்கிற சென்சாரே காற்றில் மாட்டினால், முள்ளும் பொய் சாட்சி சொல்லும். பங்காரு வாய்க்காலில் பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்தால் பாகூர் ஏரி ஒழுங்காக நிரம்புகிறது. காற்று எங்கும் சிக்குவதில்லை. ஏன்? ஏரிக்கு மூடி கிடையாது, மூடுவதற்கு அவசரப்படும் பையனும் கிடையாது.

இதை நான் கத்திக்கொண்டிருக்க, டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, எட்டிப் பார்த்து, "காத்து புடிச்சிருக்கும் தம்பி" என்றார். காலில் விழலாம்போல் இருந்தது. போர்செட்டில் ஏர் பிடித்துத் தண்ணீர் ஏறாமல், சாணியைக் கரைத்து ஊற்றி ஊற்றி ஏர் எடுத்த தலைமுறை. கேஸ்கட் என்கிற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

முதல் விதி, வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிற்கவேண்டும். காற்று மூடி வழியாகத்தான் வெளியேறும். சுற்றிலும் சமதளமான நெல் வயல். மேடு என்றால் ஏரிக்கரைதான். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை ஆளுநரே வடம் பிடித்து இழுப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். என் தேருக்கு டிராக்டர் வடம் பிடித்தது.

இரண்டாவது விதி, ஹீட்டர். என் வண்டி மாதிரிப் பழைய வண்டிகளில் ஹீட்டரைத் திறந்தால்தான் அந்தக் குழாயில் ஒளிந்த காற்று வெளியே வரும். புதுச்சேரியில் ஹீட்டர் குமிழைத் திருகிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மத்தியானம் ஒரு மணி, கத்திரி வெயில், ஏரிக்கரை, எஞ்சின் ஓடுகிறது, ஆறவிட்டுத் திறந்த மூடி திறந்தே இருக்கிறது, ஹீட்டர் முழுசாக. உள்ளே நான் வேகிறேன். சைக்கிளில் போனவர் நிறுத்தி, "ஏசி வேலை செய்யலையா சார்?" என்றார். பதில் சொல்ல வாயில் ஈரமில்லை.

அப்போது கேட்டது. "குளுக்." புனலில் ஒரு குமிழி. மட்டம் இறங்கியது, ஒரு டம்ளர் ஊற்றினேன். "குளுக், குளுக்." நாலாவது கேன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. இருபது நிமிடத்தில் ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றது. குமிழி நின்றது. கேன் காலி. ஒரு லிட்டர்! அந்தக் காலிக் கேனைப் பத்திரமாக எடுத்து வைத்தேன், பையனிடம் காட்டுவதற்கு.

மூன்றாவது விதி மூடியைப் பற்றியது. அதைச் சொல்வதற்குள் வீடு வந்துவிட்டது, மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு. கத்திரி வெயிலில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வாய்வு மேல ஏறியிருக்கு. பெருங்காயம் போட்டு மோர் கொண்டா."

வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. ஒரே மூச்சில் குடித்தேன். குடித்த வேகத்தில் ஒரு ஏப்பம் வந்தது, வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீடே என்னைப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.